தோல் மட்டும் குறையவில்லை

எடை குறைத்தவனிடம் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். எத்தனை கிலோ? எப்படி? டல்லாஸ் பக்கத்துத் தமிழ் வட்டத்தில் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 138-லிருந்து 84. மொத்தம் ஐம்பத்து நான்கு கிலோ. 2021-ல் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன், அதற்குப் பிறகு அளந்த சாப்பாடு, தினமும் நடை. பொங்கல் விழாவில் பார்ப்பவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். "ஆளே மாறிட்டீங்க" என்பார்கள்.

மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. உள்ளே இருந்த கொழுப்பு போய்விட்டது, சரி. அதை மூடியிருந்த தோல் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. சட்டைக்குள்தான் இருந்தது.

இதை இந்தப் பத்தியில் எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. போட்டோ மட்டும் போடாதீங்க" என்றாள். ஆகவே படம் இல்லை. வார்த்தையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்குக் கீழே இருந்து தோல் ஒரு ஏப்ரன் மாதிரி மடிந்து தொடை வரைக்கும் தொங்கும். உட்கார்ந்தால் மடியில் வந்து உட்காரும். ஓடினால் தனியாக ஒரு தாளம் போடும், சத்தம் எனக்கே கேட்கும். டாக்டர்கள் இதற்கு 'பேனஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் 'தொங்கு சதை' என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயரில்தான் பாதிக் குழப்பமும். சதை என்றதும் எல்லோருக்கும் உடற்பயிற்சி ஞாபகம் வந்துவிடுகிறது. "பிளாங்க் போடுங்க ப்ரோ, டைட் ஆயிடும்" என்று ஜிம்மில் ஒரு தம்பி வாரம் தவறாமல் சொல்வான். பிளாங்க் தசைக்கான பயிற்சி. தோலுக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று பலம் தருவது, இன்னொன்று இழுத்தால் திரும்பி வரவைப்பது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுபட்டே கிடந்த நார், பழைய பைஜாமா எலாஸ்டிக் கதைதான். திரும்பி வராது. வயிற்றில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றனவே, அவை அந்த நார்கள் கிழிந்து ஆறிய தழும்புகள். கொஞ்சம் எடை குறைத்தவர்களுக்கும், சின்ன வயசுக்காரர்களுக்கும் தோல் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். நாற்பது ஐம்பது கிலோ இறங்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஒட்டாது. எந்தக் கிரீமும் எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. விற்கிறவர்கள் விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள். நான் ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெயைக்கூட விட்டுவைக்கவில்லை.

பார்க்க எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். எனக்கு முதலில் வந்த தொல்லை புண். தோல் மடிப்புக்குள் வியர்வை தங்கும், காற்றுப் புகாது, தோலும் தோலும் உரசிச் சிவந்துபோகும், அதில் பூஞ்சை வந்து குடியேறும். டெக்சஸ் கோடையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டாம். ஜூன் மாதம் காரை எடுத்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மடிப்புக்குள் நெருப்புக் கொட்டின மாதிரி இருக்கும். மீட்டிங்கில் நேராக உட்காரமுடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். வாடை வேறு. அதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தப் பத்தி பொய்யாகிவிடும்.

2023 டிசம்பரில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காகத் திருச்செந்தூர் போனோம். கோவிட் தள்ளிப்போட்ட வேண்டுதல். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், தெரியும்தானே. 138 கிலோவில் கழற்றியிருக்கிறேன், அப்போது வெறும் குண்டன், யாரும் இரண்டாம் முறை பார்க்கமாட்டார்கள். இந்தத் தடவை வேட்டியை மார்புக்குக் கிட்டத்தட்ட ஏற்றிக் கட்டி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். நெரிசலில் துண்டு நழுவியது. பக்கத்து வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா உண்மையான கவலையோடு, "தம்பி, வயித்துல என்னய்யா, ஏதும் ஆப்ரேசனா?" என்று கேட்டார்கள். அந்த அம்மா மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. கேட்டதே பாசம்தான். ஆனால் சந்நிதிக்குள் முருகனைப் பார்த்தேனா, துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டால், துண்டைத்தான்.

ஜனவரியில் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்க நேரம் வாங்கினேன்.

அவர் முதலில் சொன்னது இரண்டு ஆபரேஷன்களின் வித்தியாசம். வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் பணம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. 'பேனிகுலெக்டமி' என்பது தொங்கும் தோலையும் அதோடு ஒட்டிய கொழுப்பையும் வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பது. அவ்வளவுதான். 'அப்டாமினோபிளாஸ்டி', அதாவது எல்லோரும் சொல்லும் டம்மி டக், அதற்கு மேலே ஒரு படி போகும். விலகிப்போன வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து, தொப்புளுக்குப் புது இடம் அமைத்து, தட்டையாக்கித் தருவது. முதலாவது மருத்துவத் தேவை என்று நிரூபித்தால் இன்ஷூரன்ஸ் தரக்கூடும். இரண்டாவது அழகு என்ற கணக்கில் போய்விடும், நம் பையிலிருந்துதான். இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டு மேல்படிக்கு மட்டும் கைக்காசு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு முதல் படி போதும் என்று சொல்லிவிட்டேன்.

இது ஏதோ இந்தக் காலத்து ஹாலிவுட் மோகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இப்படி வெட்டி எடுத்ததை மருத்துவ இதழில் எழுதிவைத்தவர் ஹோவர்ட் கெல்லி. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஆரம்பகாலப் பேராசிரியர். வருஷம் 1899. அவர் அழகு மருத்துவரே இல்லை, மகப்பேறு மற்றும் பெண்கள் நோய் மருத்துவர். தூக்கிக்கொண்டு நடக்கமுடியாமல் வந்தவர்களுக்குத்தான் இது முதலில் செய்யப்பட்டது.

இனி இன்ஷூரன்ஸ். என் தொழில் மென்பொருள். ஒரு புரோகிராம் ஏன் 'ரிஜெக்ட்' என்று சொல்கிறது என்று தெரியவேண்டுமானால் அதன் நிபந்தனைகளைப் படிக்கவேண்டும். கம்பெனிகள் இதற்கென்று எழுதிவைத்திருக்கும் மருத்துவக் கொள்கை ஆவணம் அப்படி ஒரு நிபந்தனைப் பட்டியல்தான். வாசகமும் மாதக் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் சாரம் ஒன்று. தோல் அந்தரங்க எலும்பின் மட்டம் வரையோ அதற்குக் கீழேயோ தொங்கவேண்டும், அதைக் காட்டும் படம் வேண்டும். மடிப்பில் புண் வந்து, மருந்து போட்டும் மாதக் கணக்கில் ஆறாமல் இருந்ததற்குப் பதிவு வேண்டும். எடை குறைந்தபட்சம் ஆறு மாதம் ஒரே இடத்தில் நின்றிருக்கவேண்டும். இரைப்பை ஆபரேஷன் செய்தவர் என்றால் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கவேண்டும் என்று பலர் கேட்கிறார்கள்.

இதில் நம் ஆட்கள் மாட்டுவது அந்தப் 'பதிவு' என்ற இடத்தில். நமக்குப் புண் வந்தால் என்ன செய்வோம்? டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேண்டிட் பவுடரைக் கொட்டுவோம், வெளியே வந்து காபி குடிப்போம். டாக்டரிடம் போகமாட்டோம், போனாலும் அதைச் சொல்லமாட்டோம். டாக்டரின் குறிப்பில் இல்லாத புண் இன்ஷூரன்ஸ் கண்ணுக்கு வராத புண். "குடும்ப டாக்டரிடம் போ, ஒவ்வொரு தடவையும் காட்டு, எழுதச் சொல்லு" என்றார் சர்ஜன். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நான்கு முறை போனேன். கிளோட்ரிமசோல் கிரீம், நிஸ்டாட்டின் பவுடர், ஒரு தடவை மாத்திரை. எந்தத் தேதியில் எந்த மருந்து, எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று எல்லாம் அவர் குறிப்பில் ஏறியது.

ஆகஸ்டில் விண்ணப்பம் போனது. செப்டம்பரில் பதில் வந்தது: அழகு சம்பந்தப்பட்டது, நிராகரிக்கப்படுகிறது. அந்தக் கடிதத்தைக் கிச்சனில் நின்றுகொண்டு படித்தேன். நான்கு மாதம் வெட்கத்தை விட்டு ஒரு மனுஷனிடம் மடிப்பைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன், இவர்களுக்கு அது அழகு!

கோபம் அடங்கியபிறகு கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். எல்லோரும் படிக்கவேண்டிய பக்கம் அது. இங்கே சட்டப்படி நிராகரிப்பு வந்தால் 180 நாளுக்குள் உள் முறையீடு செய்யலாம். எந்த விதியின்படி மறுத்தார்கள், என்ன ஆவணங்களைப் பார்த்தார்கள் என்று கேட்டால் இலவசமாகத் தரவேண்டும். முறையீட்டிலும் மறுத்தால், மருத்துவக் காரணம் சம்பந்தப்பட்ட வழக்குகளில், நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு கேட்கலாம், அதில் கம்பெனியைச் சேராத மருத்துவர் பார்ப்பார். ஆனால் திட்டத்திலேயே 'தோல் அகற்றும் அறுவை கிடையாது' என்று எழுதியிருந்தால் இந்தக் கதவெல்லாம் திறப்பது கஷ்டம். அதனால் முதலில் திட்டத்தின் முழு ஆவணத்தை எச்.ஆரிடம் வாங்கிப் படியுங்கள்.

நான் கேட்டு வாங்கிய கோப்பில் காரணம் பளிச்சென்று தெரிந்தது. கிளினிக்கில் எடுத்து அனுப்பிய படத்தில் உள்ளாடையின் பட்டி தோலைத் தூக்கிப் பிடித்திருந்தது. தோல் எந்த மட்டம் வரை தொங்குகிறது என்பதே தெரியவில்லை. நேராகவும் பக்கவாட்டிலும் புதுப் படம், குடும்ப டாக்டரின் நான்கு குறிப்புகள், சர்ஜனின் கடிதம் எல்லாம் சேர்த்து அக்டோபரில் அனுப்பினோம். சர்ஜன் கம்பெனியின் மருத்துவரிடம் போனில் நேரடியாகவும் பேசினார். நவம்பரில் ஒப்புதல் வந்தது. (இங்கிலாந்து வாசகர்களுக்கு: என்.எச்.எஸ்.ஸில் பகுதிக்குப் பகுதி விதி மாறும், பொதுவாகக் கடுமை. கனடாவில் மாகாணத்தின் விதியைப் பார்க்கவேண்டும்.)

ஊரில் செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். என் மச்சானும் கேட்டார். சென்னையில் திறமையான சர்ஜன்கள் இருக்கிறார்கள், செலவும் பல மடங்கு குறைவு, அதில் சந்தேகமில்லை. என் தயக்கம் ஆபரேஷனைப் பற்றியது இல்லை, அதற்குப் பின்னால் வரும் ஆறு வாரத்தைப் பற்றியது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டும் அபாயம் இருக்கிறது, நீண்ட விமானப் பயணம் அதைக் கூட்டும். தையல் பிரிந்தாலோ நீர் கோத்தாலோ வெட்டிய கையே பார்ப்பதுதான் நல்லது. மூன்று வார லீவில் போய், வெட்டிக்கொண்டு, பதினைந்தாம் நாள் ஃப்ளைட் ஏறும் திட்டம் வேண்டாம். இரண்டு மாதம் அங்கே தங்கமுடிந்தவர்களுக்கு அது நல்ல வழிதான்.

வீட்டில் சொல்வது இன்ஷூரன்ஸைவிடக் கடினமாக இருந்தது. அம்மா திருநெல்வேலியில். இரைப்பை ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டவள், ஏனென்றால் அப்போது சுகர், பிரஷர், தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் இருந்தது. இதற்கு மட்டும் அசையவில்லை.

"என்னய்யா, இப்பத்தான் நல்லா இருக்க. சட்டை போட்டா யாருக்குத் தெரியப்போவுது? எதுக்கு இன்னொரு தடவ உடம்பக் கீறுத?"

"புண்ணு வருதும்மா."

"பவுடர் போடு."

"போட்டாச்சும்மா, ரெண்டு வருஷமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இத ஏன் நீ எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றாள். குரல் மாறியிருந்தது. அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமாதான் குடும்ப வாட்ஸ்அப்பில், "மாப்ள சினிமாவுல நடிக்கப்போறார் போல" என்று போட்டார். ஆம்பிளைக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கிறது என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. இதையே ஒரு பெண் செய்துகொண்டால் அந்த கிண்டலுக்குப் பதில் ஒரு கிசுகிசு வரும். என் மனைவியின் தோழி ஒருத்தி நாற்பது கிலோ குறைத்தாள், கைத் தோல் முழங்கையிலிருந்து அக்குள் வரை தொங்கியது. கைக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சேர்த்துவைத்த பணத்தில் செய்துகொண்டாள், இன்றைக்கும் அவள் மாமியாருக்குத் தெரியாது. கையின் உள்பக்கம் நீளத் தழும்பு இருக்கிறது, முழுக்கை பிளவுஸ் போட்டு மறைக்கிறாள். முன்னால் தோலை மறைத்தாள், இப்போது தழும்பை.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் ரத்தப் பரிசோதனை எழுதினார். இரைப்பை சுருக்கியவர்களுக்கு இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் குறைந்திருக்கும். புரதம் குறைந்தால் காயம் ஆறாது. நாளுக்கு 60-லிருந்து 80 கிராம் புரதம் என்பது எங்களுக்குச் சாதாரணமாகச் சொல்லும் அளவு. இட்லி சாம்பாரில் அந்தக் கணக்கு வராது. முட்டை, மீன், பனீர், பருப்பு, வே புரதப் பொடி என்று இரண்டு மாதம் ஓடியது. புகைப்பவர்களுக்கு சர்ஜன்கள் நேரடியாகவே மறுத்துவிடுவார்கள், நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கி வெட்டின ஓரத்துத் தோலைச் சாகடித்துவிடும். வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசிகளில் இருப்பவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உணவு இருப்பது ஆபத்து.

2025 ஜனவரியில் ஆபரேஷன். காலையில் என்னை நிற்கவைத்து, மார்க்கர் பேனாவால் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கோடு போட்டார். படுத்தால் தோல் வேறு பக்கம் சரிந்துவிடும், அதனால் நிற்கவைத்துத்தான் போடவேண்டும். மூன்றரை மணி நேரம். எடுத்தது மூன்று கிலோ இருநூறு கிராம். மனைவி கேட்டதும் சிரித்துவிட்டாள். "நம்ம பாப்பா பிறந்த வெயிட்டுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தை யாரும் லேசாக நினைக்கவேண்டாம். வலியைவிட டிரெயின்தான் பெரிய வேலை. வெட்டின இடத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய், முனையில் கையெறி குண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குமிழி. தினமும் இரண்டு வேளை குழாயை விரலால் நீவிவிட்டு, குமிழியைக் காலிசெய்து, எத்தனை மில்லி என்று குறித்துவைக்கவேண்டும். இரத்தம் கலந்த நீர். என் மனைவிக்கு இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். முதல் நாள் குழாயைப் பிடித்த கை நடுங்கியது. நான்காம் நாள் போனில் அவள் அம்மாவோடு கத்திரிக்காய் விலையைப் பேசிக்கொண்டே நீவினாள். எக்செல் ஷீட் என்னுடையது, அளவு அவளுடையது. ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுக்கலாம் என்பது எங்கள் சர்ஜனின் கணக்கு. ஒன்று ஒன்பதாம் நாள் போனது, மற்றது பதினான்காம் நாள். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் நீர் கோத்தது, ஊசி வைத்து இரண்டு தடவை எடுத்தார்கள். இது அடிக்கடி வருவதுதான்.

நிமிர்ந்து நடக்கமுடியாது, தையல் இழுக்கும். கிழவன் மாதிரி குனிந்து நடந்தேன், சாய்வு நாற்காலியில் தூங்கினேன். இறுக்கமான வயிற்றுக் கச்சை ஆறு வாரம். பத்து பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாது. என் மகள் முப்பத்தி நான்கு பவுண்டு. "அப்பா தூக்கு" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "அப்பாவுக்கு வயித்துல தையல் இருக்கு" என்று சொன்னால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தானே சோபாவில் ஏறி நின்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வேலைக்கு இரண்டு வாரம் கழித்து வீட்டிலிருந்தே திரும்பினேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் ஒரு வருஷம் வேலை செய்தவர்களுக்கு எஃப்.எம்.எல்.ஏ. சட்டப்படி பன்னிரண்டு வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு உரிமை உண்டு. மேனேஜரிடம் என்ன ஆபரேஷன் என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை, நான் சொல்லவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது? வயிறு தட்டை இல்லை. மேல்வயிறு கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது, தசையை இழுத்துத் தைக்கவில்லையே. இடுப்பைச் சுற்றி நீளத் தழும்பு. நம் நிறத்துக்குத் தழும்பு தடித்துக் கறுப்பது அதிகம், சிலிக்கான் பட்டை ஒட்டிவைத்தேன், மங்குவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். தொப்புளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லாமல் மரத்துக்கிடந்தது, மெல்லத் திரும்பி வருகிறது. மார்பிலும் கையிலும் தோல் அப்படியே தொங்குகிறது, அதைத் தொடப்போவதில்லை. ஆனால் இந்தக் கோடையில் மடிப்பு இல்லை, புண் இல்லை, பவுடர் டப்பா இல்லை. ஜூலை வெயிலில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன், என் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். எதிர்வீட்டு அக்காவின் மகன் ஹூஸ்டனில் இருக்கிறானாம், ஊசி போட்டு ஏகப்பட்ட எடை குறைந்துவிட்டானாம். ஊரே பாராட்டுகிறதாம்.

"அந்தப் பையனுக்கு உங்கிட்ட ஏதோ கேக்கணுமாம். அவங்க அம்மாகிட்டயே முழுசாச் சொல்ல மாட்டேங்கானாம், கூச்சப்படுதான். நான் வெவரத்தச் சொல்லி உன் நம்பரக் குடுத்துட்டேன். போன் வந்தா எடு."